கைக்கு அடங்குற மவுஸ்: ஒரு மரக்கட்டையின் 60 வருஷக் கதை

(பாட்காஸ்ட் எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிஞ்ச வரை அப்படியே விட்டிருக்கேன்.)

முதல்ல ஒரு மன்னிப்பு. பேசிக்கிட்டு இருக்கும்போதே பின்னாடி அப்பப்போ கிர்ர்ர்னு ஒரு சத்தம் கேக்கும். உங்க ஹெட்ஃபோன்ல பிரச்சினை எதுவும் இல்ல. அது சாமில், அதாவது மரம் அறுக்குற மில். இந்த வாரம் நான் சொந்த ஊர்ல இருக்கேன். பாவூர்சத்திரம். திருநெல்வேலியில இருந்து தென்காசி போற வழியில, தென்காசிக்குக் கொஞ்சம் முன்னாடி வர்ற ஊர். காய்கறி மார்க்கெட்டும் மர மில்லும்தான் எங்க ஊரோட அடையாளம். அந்தச் சத்தத்தை எடிட்ல எடுக்கப் பார்த்தேன், முடியல. அப்புறம் விட்டுட்டேன். ஏன்னா இன்னைக்கு நாம பேசப் போற பொருளோட கதை ஒரு மரக்கட்டையிலதான் ஆரம்பிக்குது.

நிறைய பேர் கேட்ட கேள்விதான்: "ப்ரோ, கேமிங் மவுஸ் எது வாங்கலாம்?" இதுக்கு ஒரு மாடல் பேரைச் சொல்லிட்டு அஞ்சு நிமிஷத்துல முடிச்சிருக்கலாம். ரெண்டு வருஷம் முன்னாடி அப்படித்தான் ஒருத்திக்குச் சொன்னேன். அது தப்பாப் போச்சு. அந்தக் கதையில இருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்க சித்தி பொண்ணு காலேஜ்ல படிக்கிறா, வாலரன்ட் ஆடுவா. நான் முதல் சம்பளத்துல ஆசையா ஒரு பெரிய கேமிங் மவுஸ் வாங்கியிருந்தேன். கம்பெனி பேர் வேண்டாம், மவுஸ் மேல குத்தம் இல்ல. புதுசு வாங்கினதும் பழசை அவகிட்ட குடுத்து, "இதுதான் பெஸ்ட், இதுலயே ஆடு"ன்னு சொன்னேன். ஆறு மாசம் ஆடினா. இந்தப் பக்கம் ஊருக்கு வந்தப்போ கேட்டேன், எப்படிப் போகுதுன்னு. "எனக்கு எய்மே வராதுண்ணே. பொம்பளப் பிள்ளைங்களுக்கு இதெல்லாம் செட் ஆகாதுன்னு டீம்ல சொல்றாங்க, சரிதான் போல"ன்னா. கட்டைவிரல் அடியில வலின்னு பாம் வேற தடவிக்கிட்டு இருந்தா.

அவ கை மவுஸ் மேல இருக்கிறதை அன்னைக்குத்தான் உத்துப் பார்த்தேன். சின்னப் பிள்ளை அப்பாவோட செருப்பைப் போட்ட மாதிரி இருந்துச்சு. சைடு பட்டனை அமுக்க மொத்தக் கையையும் நகர்த்துறா. அப்படி நகர்த்துற ஒவ்வொரு தடவையும் குறி விலகுது. தப்பு அவ எய்ம்ல இல்லங்கிறது எனக்கு அங்கேயே புரிஞ்சுது.

ஒரு பொருள் யாரோட கையை மனசுல வச்சு செய்யப்படுது? இந்தக் கேள்வியோட மவுஸோட வரலாற்றைப் பார்ப்போம்.

வருஷம் 1964. கலிஃபோர்னியாவுல மென்லோ பார்க், ஸ்டான்ஃபோர்ட் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட். டக் எங்கல்பார்ட்டுக்கு ஒரு யோசனை வருது, பில் இங்கிலிஷ் அதைச் செஞ்சு குடுக்கிறார். மரத்தைக் குடைஞ்ச ஒரு பெட்டி, அடியில ஒண்ணுக்கொண்ணு குறுக்கா ரெண்டு உலோகச் சக்கரம், மேல ஒரே ஒரு சிவப்புப் பட்டன். ஒரு சக்கரம் இடம் வலம் போறதை அளக்கும், இன்னொண்ணு மேல கீழ போறதை அளக்கும். அவ்வளவுதான் மெஷின்.

மவுஸ்தான் வெற்றி பெறும்னு அப்போ யாருக்கும் தெரியாது. அதனால அவங்க ஒரு சோதனை வச்சாங்க. லைட் பென், ஜாய்ஸ்டிக், மவுஸ், அப்புறம் மேஜைக்கு அடியில முழங்காலால ஆட்டுற ஒரு கருவி. ஆமா, முழங்கால்தான். திரையில இருக்கிற எழுத்தை எதால வேகமா, தப்பில்லாமத் தொட முடியுதுன்னு அளந்தாங்க. 1967ல முடிவு வெளியாச்சு. பழகாதவங்களுக்கு முழங்கால் கருவியே மவுஸைவிட வேகமா இருந்துச்சு. பழகினவங்க கையில மவுஸ் ஜெயிச்சுது. கடையில மவுஸைப் பிடிச்சுப் பார்க்கிற முதல் ரெண்டு நிமிஷத்தை நம்பி முடிவெடுக்கக் கூடாதுன்னு நான் சொல்றது இதனாலதான்.

1968 டிசம்பர் 9, சான் ஃபிரான்சிஸ்கோவுல எங்கல்பார்ட் இதை மேடையில காட்டினார். 1970ல பேட்டன்ட் கிடைச்சுது. ஆனா ராயல்டின்னு அவருக்கு ஒரு பைசாவும் வரல. உரிமை முழுக்க நிறுவனத்துகிட்ட இருந்துச்சு.

அதே 1968ல ஜெர்மனியில டெலிஃபுங்கன் கம்பெனி தனியா ஒரு மவுஸ் கொண்டு வந்துச்சு. அடியில சக்கரத்துக்குப் பதிலா ஒரு பந்து. வடிவம் எப்படின்னா, தேங்காய்ச் சிரட்டையைக் கவுத்து வச்ச மாதிரி. பின்னாடி சுவிட்சர்லாந்துல பேராசிரியர் ழான் டேனியல் நிக்கூ வடிவமைச்ச மவுஸும் கிட்டத்தட்ட அதே சிரட்டைதான். லாஜிடெக் தொடங்கினதும் அந்த நாட்டுலதான், 1981ல, ஆப்பிள்ஸ்னு பேர் வச்ச ஒரு சின்னக் கிராமத்துல.

இன்னொரு ஆப்பிள் இருக்கே, அங்க என்ன நடந்துச்சு? ஜெராக்ஸோட மவுஸ் விலை 300 டாலர் அளவுல இருந்துச்சு. ஸ்டீவ் ஜாப்ஸ் 15 டாலர்ல வேணும்னார். டீன் ஹோவியோட டிசைன் குழு, ரோல்-ஆன் டியோடரன்ட்ல இருக்கிற பந்தையும் வெண்ணெய் வைக்கிற பிளாஸ்டிக் கிண்ணத்தையும் வச்சு முதல் மாதிரியைச் செஞ்சுது. அதுல இருந்து வளர்ந்த மவுஸ்தான் 1983ல லிசாவோட வந்துச்சு.

இது வரைக்கும் எல்லார் கவலையும் மெஷின் வேலை செய்யணும், விலை குறையணும்கிறதுதான். கையைப் பத்தின கவலை ரொம்பக் குறைவு. கைக்கு என்ன வேணும்கிறதை மறந்தா என்ன ஆகும்னு 1998ல ஆப்பிளே காட்டிச்சு. முதல் ஐமேக்கோட வட்டமா, வடை மாதிரி ஒரு மவுஸ் வந்துச்சு. பார்க்க அழகு. ஆனா கையை வச்சா எது முன்பக்கம், எது பின்பக்கம்னு தெரியாது. நேரா நகர்த்தினா அம்புக்குறி கோணலாப் போகும். 2000ல அதைக் கைவிட்டாங்க.

கையைப் பத்தி நிஜமாவே சண்டை போட்டவங்க கேமர்ஸ்தான். 1997ல டென்னிஸ் ஃபாங், கேம்ல அவர் பேர் த்ரெஷ், குவேக் போட்டியில ஜெயிச்சு ஜான் கார்மாக்கோட ஃபெராரி காரைப் பரிசா வாங்கினார். இடது கை கீபோர்ட்ல, வலது கை மவுஸ்லங்கிற ஆட்டமுறை பரவினதுல அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அதுக்கப்புறம் மவுஸ் விளையாட்டுச் சாமான் ஆயிடுச்சு. 1999ல ரேசர் பூம்ஸ்லாங்கை 2000 டிபிஐனு சொல்லி வித்தாங்க. அதே வருஷம் மைக்ரோசாஃப்ட் பந்தைத் தூக்கிட்டு, கீழ இருக்கிற பரப்பையே படம் பிடிச்சு ஓடுற இன்டெல்லிமவுஸ் எக்ஸ்ப்ளோரரைக் கொண்டு வந்துச்சு. வலது கைக்கு வளைஞ்ச அந்த உடம்பை இன்னைக்கும் பல மவுஸ்ல பார்க்கலாம். 2006ல வந்த டெத்ஆடரும் அந்த வழியிலதான்.

டிபிஐங்கிறது ஒரு இன்ச் நகர்த்தினா மவுஸ் எத்தனை எண்ணிக்கை அனுப்புதுங்கிறது, அவ்வளவுதான். பெட்டி மேல 26000, 30000னு போட்டிருப்பாங்க. தொழில்முறை ஆட்டக்காரங்க நிறைய பேர் 400, 800, 1600லதான் ஆடுறாங்க. அந்த எண்ணுக்காக ஒரு ரூபாகூட அதிகம் குடுக்காதீங்க.

எனக்குப் பிடிச்ச திருப்பம், ஸ்வீடன் கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் வீரர் எமில் கிறிஸ்டென்சன் சோவி கம்பெனியோட சேர்ந்து செஞ்ச இசி மவுஸ். ஒரே வடிவம், ரெண்டு அளவு. இசி1 பெருசு, இசி2 சின்னது. செருப்புக் கடையில சைஸ் கேக்குற மாதிரி மவுஸுக்கும் சைஸ் கேக்கலாம்! அதுக்கப்புறம் எடை குறைஞ்சுது. 2018ல வந்த லாஜிடெக் ஜி ப்ரோ வயர்லெஸ் 80 கிராம். 2020ல வந்த சூப்பர்லைட் 63 கிராமுக்கும் கீழ.

இதையெல்லாம் சித்தி பொண்ணுக்கு விளக்கிக்கிட்டு இருந்தப்போ, திண்ணையில உக்காந்திருந்த ஆச்சி குறுக்க பேசினா. ஆச்சி 40 வருஷத்துக்கு மேல பீடி சுத்தினவ. எங்க பக்கம் கீழப்பாவூர், ஆலங்குளம், முக்கூடல்னு எந்தத் தெருவுக்குப் போனாலும் மடியில சுளகை வச்சுக்கிட்டுப் பீடி சுத்துற பெண்களைப் பார்க்கலாம். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவுன்னு கணக்கு. ஊற வச்ச இலையை அளவுத் தகடு வச்சுக் கத்தரியால வெட்டணும், தூளை வச்சுச் சுருட்டணும், நூல் கட்டணும். ஒரு நாளைக்கு நூத்துக்கணக்கான தடவை அதே அசைவு.

ஆச்சி சொன்னது இதுதான்: "ஏல, ஊரான் கத்தரிய வாங்கி வெட்டினா சாயங்காலம் பெருவிரலைத் தூக்க முடியாது. அவவளுக்கு அவவ கத்தரி. கடையில நாலு கத்தரிய விரல்ல மாட்டிப் பார்த்துட்டுத்தான் எடுப்போம். நீ ஒன் சாமானை அந்தப் பிள்ளை தலையில கட்டிட்டு, அவளுக்கு ஆடத் தெரியலங்க?"

நான் ஒண்ணும் பேசல. இன்ஜினியரிங் படிச்சவனுக்கு அளக்கணும்னு தோணல, ஆச்சிக்குத் தோணியிருக்கு. அளவு இல்லாமலும் இல்ல. அகமதாபாத் நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டிசைன் 1997லயே இந்திய ஆண்கள், பெண்களோட உடல் அளவுகளைத் தொகுத்து தேவகுமார் சக்ரவர்த்தியோட புத்தகமா வெளியிட்டிருக்கு. நாற்காலி, கைப்பிடி, கருவி செய்றவங்க பயன்படுத்தணும்கிறதுக்காகவே போட்ட புத்தகம் அது.

சரி, ஸ்கேலை எடுங்க. நாங்க அன்னைக்குச் செஞ்சதையே சொல்றேன்.

முதல்ல நீளம். கையை விரிச்சு, விரல்களைச் சேர்த்து வச்சு, நடுவிரல் நுனியில இருந்து மணிக்கட்டு முதல் கோடு வரைக்கும் அளங்க. அப்புறம் அகலம், கட்டைவிரலை விட்டுட்டு நாலு விரல் தொடங்குற இடத்துல. நீளம் 17 சென்டிமீட்டருக்குக் கீழன்னா சின்னக் கை, 20க்கு மேலன்னா பெரிய கை, நடுவுல மீடியம். இது கேமர்ஸ் புழங்குற தோராயக் கணக்குதான்.

அடுத்து பிடி. உள்ளங்கை முழுக்க மவுஸ் மேல படுத்திருந்தா பாம் கிரிப். இதுக்கு முதுகு உயர்ந்த, நீளமான மவுஸ் வேணும். உள்ளங்கையோட பின்பக்கம் மட்டும் தொட்டு, விரல் வளைஞ்சு நின்னா கிளா கிரிப். விரல் நுனி மட்டும் தொட்டா ஃபிங்கர்டிப், இதுக்குச் சின்னதா, லேசா இருக்கணும். உங்க பிடி எதுன்னு யோசிச்சுச் சொல்லாதீங்க. ஆடும்போது பக்கத்துல ஒருத்தரை ஃபோட்டோ எடுக்கச் சொல்லுங்க. நாம நினைக்கிற பிடியும் சூட்டுல பிடிக்கிற பிடியும் பல நேரம் வேற வேற.

மூணாவது, மவுஸோட நீளம் கை நீளத்துல சுமார் 60 சதவீதம்னு ஒரு கணக்கு சொல்வாங்க. என் கை 19 சென்டிமீட்டர், அப்போ 11.4. அவ கை 16, அப்போ 9.6. இங்கதான் சிக்கல். 9.6ல நல்ல கேமிங் மவுஸ் தேடினோம், கடையில கிடைக்கல. கண்ணுல பட்டதெல்லாம் 12 சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருந்துச்சு. பெண்களோட கை நீளம் சராசரியில ஆண்களைவிடக் குறைவு. "செட் ஆகாது"ன்னு அவ டீம்ல சொன்னாங்கள்ல, செட் ஆகாதது எதுன்னு இப்போ நீங்களே சொல்லுங்க.

கடைசியில 11.6 சென்டிமீட்டர்ல, அகலம் குறைஞ்ச, 60 கிராம் அளவுல ஒண்ணு எடுத்தோம். பாம் கிரிப்பை விட்டுட்டு கிளாவுக்கு மாறினா. வேர்வை அதிகம்கிறதால வழுவழுப்பு இல்லாத மேல்பரப்பு. திருப்பிக் குடுக்கிற வசதி இருக்கிற இடத்துலதான் வாங்கினோம், ரெண்டு வாரம் ஆடிப் பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணோம்.

சினிமா மாதிரி அவ உடனே சாம்பியன் ஆகல. ரேங்க் ரெண்டு படி ஏறியிருக்கு, அதுக்கு மேல அவ பயிற்சிதான். கட்டைவிரல் வலி போயிடுச்சு. "எனக்கு வராது"ன்னு சொல்றதும் நின்னுடுச்சு. அவளுக்கு ஆறு மாசம் அந்த நினைப்பைக் குடுத்ததுல எனக்கும் பங்கு இருக்கு, அதனாலதான் இந்த எபிசோட்.

உங்களுக்கும் மவுஸ் பிடிச்சா வலியோ மரமரப்போ வந்தா, புது மவுஸ் தேடுறதுக்கு முன்னாடி கைக்கு ஓய்வு குடுங்க. வலி நிக்கலன்னா டாக்டரைப் பாருங்க.

மாடல் பேர் கேட்டு மெசேஜ் போடுறவங்க இனிமே ரெண்டு எண்ணையும் சேர்த்து அனுப்புங்க, கை நீளம், கை அகலம். பிடியோட ஃபோட்டோ இருந்தா இன்னும் நல்லது. அது இல்லாம நான் யாருக்கும் பேர் சொல்றதா இல்ல. ஆச்சி இன்னும் திண்ணையிலதான் இருக்கா, காதுல விழுந்துடும்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம். சாமில் சத்தத்துக்கு மறுபடியும் மன்னிச்சிருங்க.