விலாக்கறியும் முச்சுருளும்

ஆட்டுக்கால் சூப் உதட்டில் பிசுபிசுவென்று ஒட்டுவதைக் கவனித்திருப்பீர்கள். பழச்சாறு பூசி ஓவன் அடுப்பில் சுட்ட பன்றி விலாக்கறி எலும்பை விட்டுத் தானே கழன்று வருகிறதே, அதற்கும் காரணம் அதே பொருள்தான்: கொலாஜன் என்னும் புரதம். தசையையும் எலும்பையும் பிணைத்து நிற்கும் கயிறு அது. அந்தக் கயிற்றின் முறுக்கைக் கண்டறிந்த இடம் நம் சென்னை என்பது பலருக்குத் தெரியாது.

1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைமை ஏற்றபோது ஜி. என். இராமச்சந்திரனுக்கு வயது சுமார் முப்பதுதான். அங்கு வந்த பிரிட்டிஷ் அறிஞர் பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் விளங்கவில்லை என்று பேச்சுவாக்கில் குறிப்பிட்டார். கிண்டியிலிருந்து கூப்பிடு தூரத்தில், அடையாற்றில், 1948-ல் தோன்றிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. தோல் என்பதே பெரும்பாலும் கொலாஜன் அல்லவா? கங்காரு வாலின் தசைநாண் மாதிரி அங்கிருந்து கிடைத்தது. அதன் எக்ஸ் கதிர்ப் படங்களை ஆராய்ந்து, இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல் 'நேச்சர்' இதழில் முடிவை வெளியிட்டனர். இழைகள் மூன்று, ஒவ்வொன்றிலும் மூன்றாவது இடந்தோறும் கிளைசின் என்னும் அமினோ அமிலம். மூன்றும் ஒன்றையொன்று சுற்றிப் பின்னியவை என்று 1955-ல் திருத்தியும் எழுதினர்.

இங்கிலாந்தில் கிரிக்கும் ரிச்சும் இதை முழுதும் ஒப்பவில்லை. சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன, இழைகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு இரண்டல்ல, ஒன்றே என்றனர். பிணைப்பைப் பற்றி அவர்கள் சொன்னதே நிலைத்தது, முச்சுருளோ அசையவில்லை. அந்த ஆட்சேபம் வீண்போகவுமில்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்று கணக்கிடப் புகுந்ததில்தான், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து 1963-ல் வெளியிட்ட 'இராமச்சந்திரன் வரைபடம்' பிறந்தது. புரத அமைப்பு எதுவாயினும் இன்று அதைக் கொண்டே சரிபார்க்கிறார்கள்.

தோல் பதனிடுபவர் இந்த முறுக்கு அவிழாதபடி பூட்டுகிறார், சமைப்பவர் அவிழ்க்கிறார். 60, 65 டிகிரி செல்சியசில் கொலாஜன் சுருங்கும். அரைவேக்காட்டு விலாக்கறி ரப்பராக இருப்பது அதனால்தான். 70-க்கு மேல், ஈரப்பதத்தோடு சில மணி நேரம் நின்றால், இழைகள் பிரிந்து ஜெலட்டின் ஆகும். ஆகவே கறியை அலுமினியத் தாளில் பொதிந்து, 150 டிகிரி ஓவனில் இரண்டரை மணி நேரமாவது விடுங்கள். அவசரம் இங்கே உதவாது.

மாம்பழச் சாறும் புளியும் வெல்லமும் சேர்ந்த பூச்சைத் தொடக்கத்திலேயே தடவினால் சர்க்கரை கருகிக் கசக்கும். கடைசி இருபது நிமிடம் தாளைப் பிரித்துவிட்டுப் பூசுங்கள். சர்க்கரையும் அமினோ அமிலமும் கூடிச் செம்பழுப்பு நிறமும் மணமும் தரும். பிரெஞ்சு வேதியியலார் மையார் 1912-ல் விவரித்த வினை இது. அன்னாசிச் சாறானால் முதலில் கொதிக்க வையுங்கள். பச்சைச் சாற்றிலுள்ள நொதி, கறியின் மேற்புறத்தைக் கூழாக்கிவிடும்.