பெர்சிவல் எங்கே தோற்றார்?

சிங்கப்பூர் 1942-ல் ஏன் விழுந்தது என்று கேட்டால், "பீரங்கியெல்லாம் கடலைப் பார்த்தே நின்னுச்சு" என்பார்கள். அது முழு உண்மை இல்லை. பல பீரங்கிகள் வடக்கே திரும்பக்கூடியவைதான். ஆனால் கையிருப்பில் அதிகம் இருந்தது கப்பலைத் துளைக்கும் குண்டுகள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது பிரிட்டிஷ் தளபதி பெர்சிவலின் சுபாவம்.

மனுஷன் கோழை இல்லை. முதல் உலகப் போரில் வீரப் பதக்கங்கள் வாங்கியவர். விவரம் தெரியாதவரும் இல்லை. 1937-லேயே மலாயாவில் பணியாற்றியபோது, ஜப்பான் வடக்கே தாய்லாந்து வழியாகவும் வரலாம் என்று கணித்தவர். பிறகு அப்படித்தான் நடந்தது.

1941 டிசம்பரில் தலைமைப் பொறியாளர் சிம்சன், தீவின் வடகரையில் அரண்கள் கட்டிவிடலாம் என்று அவரிடம் மன்றாடினார். ஆளும் பொருளும் கைவசம் இருந்தன. பெர்சிவல் மறுத்துவிட்டார். அரண் எழும்பினால் படைக்கும் மக்களுக்கும் மனம் தளர்ந்துவிடுமாம்!

எதிரே யாமாஷிதா. அவரிடம் இருந்தது சுமார் 30,000 பேர். பெர்சிவலிடம் 80,000-க்கும் மேல். குண்டுகள் வேறு தீர்ந்துகொண்டிருந்தன. தன் எண்ணிக்கை வெளியே தெரிந்துவிடுமோ என்று அவரும் பயந்தார். ஆனாலும் நிறைய இருப்பதுபோலச் சுட்டுத் தள்ளி, உடனே சரணடையச் சொன்னார்.

எதிரியின் பலம் இருவருக்குமே சரியாகத் தெரியாது. தெரியாததை ஒருவர் பந்தயமாகப் பார்த்தார். மற்றவர், கெட்டது வரும் என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்ளாமல் தள்ளிப்போட்டார். இது என் வாசிப்பு.

பிப்ரவரி 15 அன்று சரணடைந்ததை நான் குறை சொல்ல மாட்டேன். தண்ணீர் விநியோகம் நொறுங்கி, ஊர் முழுக்க ஜனங்கள் நெருக்கியடித்துக் கிடந்த நிலையில் வேறென்ன செய்ய முடியும்? தவறு அந்த டிசம்பரில், நேரம் கையில் இருந்தபோதே நடந்துவிட்டது.

யாமாஷிதாவின் துணிச்சலைப் புகழவும் மனசு வரவில்லை. அவர் படை பிடித்த ஊரில் ஆயிரக்கணக்கான சீனர்கள் கொல்லப்பட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட நம் தமிழர்களில் எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. தளபதிகளின் சுபாவத்துக்கு விலை கொடுத்தவர்கள், அவர்களை ஒருமுறைகூடப் பார்த்திராதவர்கள்.