மீன்பிடிப் படகுகளின் கடல்வழி விளக்குகள்

மீன்பிடிப் படகுகளின் கடல்வழி விளக்குகள் என்பவை, ஒரு படகு எத்திசையில் செல்கிறது, என்ன தொழிலில் ஈடுபட்டுள்ளது என்பதைப் பிற கலங்களுக்கு உணர்த்தும் விளக்குகள் ஆகும். 1972 ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டு, 1977 சூலை 15 முதல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகள் இவற்றை வரையறுக்கின்றன. ஞாயிறு மறைந்தது முதல் எழும் வரையிலும், பகலில் மூடுபனி போன்றவற்றால் பார்வை குன்றும்போதும் இவை எரிய வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்தின் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் முதலிய ஊர்களின் விசைப்படகுகளும் நாட்டுப்படகுகளும் ஒடுங்கிய பாக்கு நீரிணையில் தொழில் செய்வதால், இவ்விளக்குகள் அங்கு உயிரையும் வலையையும் காப்பனவாக உள்ளன.

பொது விளக்குகள்

ஓடும் விசைக்கலம் வலப்பக்கம் பச்சை, இடப்பக்கம் சிவப்பு, பின்புறம் வெள்ளை, பாய்மரத்தில் முன்நோக்கிய வெள்ளை ஆகிய விளக்குகளைக் காட்ட வேண்டும். பக்க விளக்கு ஒவ்வொன்றும் 112.5 பாகை அளவே தெரியும். எனவே எதிரே பச்சையும் சிவப்பும் சேர்ந்து தெரிந்தால் அக்கலம் நேராக நம்மை நோக்கி வருகிறது என்று பொருள். 12 மீட்டருக்குக் குறைந்த படகுகளில் முன், பின் வெள்ளை விளக்குகளுக்கு மாற்றாகச் சுற்றிலும் தெரியும் ஒரே வெள்ளை விளக்கு போதும்.

மீன்பிடிக்கும்போது

இழுவலைப் படகு, வலை இழுக்கும்போது மேலே பச்சையும் கீழே வெள்ளையுமாகச் சுற்றிலும் தெரியும் இரு விளக்குகளைக் காட்டும். செவுள்வலை போன்ற பிற கருவிகளால் பிடிக்கும் படகு மேலே சிவப்பும் கீழே வெள்ளையும் காட்டும். வலை 150 மீட்டருக்கு மேல் நீண்டிருந்தால், வலை கிடக்கும் திசையில் மற்றொரு வெள்ளை விளக்கும் வேண்டும். இவ்வொரு விளக்கு இல்லாததால் இருட்டில் வலை அறுபடலாம். அந்த இழப்பு பெரும்பாலும் சிறு மீனவருக்கே.

பிற விசைக்கலங்களும் பாய்க்கலங்களும் மீன்பிடிக்கும் படகுக்கு விலகி வழிவிட வேண்டும். அதனால்தான், மீன்பிடிக்காமல் கரை திரும்பும் படகு இவ்விளக்குகளை எரியவிடுவதை விதி தடை செய்கிறது. இழுவலைக்கும் செவுள்வலைக்கும் இடையே யாருக்கு முன்னுரிமை என்பதை இவ்விதிகள் வகுக்கவில்லை. பாக்கு நீரிணைப் பகுதியில் வாரத்தில் மூன்று நாட்கள் விசைப்படகுகளும் நான்கு நாட்கள் நாட்டுப்படகுகளும் கடலுக்குச் செல்லும் ஏற்பாடே அக்குறையை ஓரளவு ஈடு செய்கிறது.

கட்டுமரமும் வள்ளமும்

துடுப்பால் செல்லும் கலமும், 7 மீட்டருக்குக் குறைந்த பாய்க்கலமும் நிலையான விளக்குகள் பொருத்த இயலாவிடின், வெள்ளை ஒளி தரும் கைவிளக்கு ஒன்றை ஆயத்தமாக வைத்திருந்து, மோதலைத் தவிர்க்கப் போதிய நேரத்துக்கு முன்பே காட்டினால் போதும். ஆனால் கட்டுமரத்தில் வெளிப்பொருத்து இயந்திரம் மாட்டி ஓட்டினால் அது விசைக்கலம் ஆகிவிடும். இச்சலுகை அதற்குப் பொருந்தாது. 7 மீட்டருக்குக் குறைந்ததும் மணிக்கு 7 கடல் மைலுக்கு மேல் செல்லவியலாததுமான விசைக்கலத்துக்குச் சுற்றிலும் தெரியும் வெள்ளை விளக்கு ஒன்று போதுமானது. இயன்றால் பக்க விளக்குகளும் வேண்டும். கண்ணாடியிழைப் படகுகள் பல இதனினும் வேகமானவை.

இயந்திரம் பழுதாகிக் கட்டுப்பாடு இழந்த கலம், ஒன்றன்கீழ் ஒன்றாக இரு சிவப்பு விளக்குகளை ஏற்ற வேண்டும். இது உதவி கோரும் அடையாளம் அன்று. 'என்னால் விலக இயலாது' என்னும் அறிவிப்பு மட்டுமே.

எல்லைக் கடலில் மோதல்கள்

2021 சனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து சென்ற விசைப்படகு ஒன்று நெடுந்தீவு அருகே இலங்கைக் கடற்படைக் கலத்துடன் மோதி மூழ்கியதில் நால்வர் உயிரிழந்தனர். அதே ஆண்டு அக்டோபரில் நடந்த மற்றொரு நிகழ்வில், அவ்வூர்ப் படகு மூழ்கி ஒருவர் இறந்தார். சனவரி நிகழ்வில், தப்பிச் செல்ல முயன்ற படகே தம் கலத்தின் மீது மோதியது என்று கடற்படை கூறியது. கடற்படையே இடித்து மூழ்கடித்தது என்று மீனவர் தரப்பு குற்றஞ்சாட்டியது. மோதல் தடுப்பு விதிகள் போர்க்கலங்களுக்கும் பொருந்தும். இரவில் நடக்கும் மோதலை ஆராய்வோர், ஒவ்வொரு கலத்திலும் எந்தெந்த விளக்குகள் எரிந்தன என்பதை முதலிலேயே கேட்டறிவர்.