ஏத்தங்குலை எடையில் ஒரு கம்ப்யூட்டர்

இரண்டு மாதமாக இங்கே ஒன்றும் எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுதக் கம்ப்யூட்டர் இல்லை, அவ்வளவுதான். மகன் வீட்டிலிருந்து தற்காலிகமாகக் கொண்டு வந்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "பாட்டா, கடைசியா கேக்கேன், டெஸ்க்டாப்பா லேப்டாப்பா? ஒண்ணு சொல்லுங்க" என்று பேரன் தினமும் போனில் கேட்டுக்கொண்டிருந்தான். எனக்கோ மனசு ஒரு பக்கமாக நிற்கவில்லை.

என் பழைய டெஸ்க்டாப் எப்படிப் போயிற்று என்பது சிலருக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன் ஐப்பசி மாதம், சாயங்காலம் நாலு மணி. நம் பக்கத்து ஐப்பசி இடி எப்படி இருக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. மலையில் கறுத்து இறங்கி, தெங்கந்தோப்பின் மேல் வந்து நின்று அடிக்கும். அன்றைக்கு நான் பிளக்கைப் பிடுங்க மறந்து, பின்கட்டில் காயப்போட்ட துணியை எடுக்க ஓடினேன். திரும்பி வந்தபோது அறையில் கருகிய மணம். டெலிபோன் வயர் வழியாக வந்த மின்னல் மோடத்தையும் கம்ப்யூட்டரையும் சேர்த்துக் கொண்டுபோயிருந்தது. நாகர்கோவிலில் இரண்டு கடைகளில் காட்டினேன். உள்ளே இருந்த எதையும் மீட்க முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள்.

இங்கே வெளியிட்ட கட்டுரைகள் தப்பின. வெளியிடாத ஒன்று போய்விட்டது. 2010-ல் நான் ஓய்வு பெற்ற பிறகு, அம்மாவின் கடைசி இரண்டு வருடங்களில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுதியது அது. திருவிதாங்கூர் காலத்துப் பள்ளிக்கூடம், சக்கரமும் பணமுமாகக் கணக்குப் பார்த்த சந்தை, 1956 நவம்பர் 1-ந் தேதி இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாளில் எங்கள் தெருவில் நடந்தது, எல்லாம் அதில் இருந்தது. டைப் செய்து முடித்ததும், 'இனி எதற்கு' என்று அந்த நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டவன் நான்தான். அம்மா இப்போது இல்லை.

ஆகவே எனக்கு இது வெறும் கடைச் சாமான் விஷயம் இல்லை. மேசையா மடியா என்று யோசிக்கும்போது, மடியில் வைக்கிற கம்ப்யூட்டர் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்துக்கொண்டே போனால் அது திருவண்ணாமலையில் கொண்டுபோய் விட்டது!

ஆதாம் ஆஸ்பார்ன் என்று ஒருவர். 1939-ல் பாங்காக்கில் பிறந்தவர். அப்பா ஆர்தர் ஆஸ்பார்ன் ஆங்கிலேயர், அங்கே கல்லூரி ஆசிரியர். அம்மா போலந்துக்காரி. ரமண மகரிஷியின்மேல் ஈடுபாடு கொண்ட குடும்பம். 1941-ல் மனைவியையும் குழந்தைகளையும் திருவண்ணாமலையில் விட்டுவிட்டு அப்பா வேலைக்குத் திரும்பிப் போனார். அந்த டிசம்பரிலேயே ஜப்பான்காரன் சயாமுக்குள் வந்துவிட்டான். யுத்தம் முடியும்வரை அவர் அங்கே கைதி முகாமில். அந்த வருடங்களில் ஆதாம் வளர்ந்தது அருணாசல மலையடிவாரத்தில். பிறகு கொடைக்கானலில் பள்ளிக்கூடம். பதினொரு வயதில் இங்கிலாந்து. ரமணரைப் பற்றிய ஆங்கிலப் புத்தகங்கள் படித்தவர்களுக்கு ஆர்தர் ஆஸ்பார்ன் பெயர் பழக்கம்தான். 1964-ல் ரமணாசிரமத்திலிருந்து 'மவுண்டன் பாத்' பத்திரிகையைத் தொடங்கியவர் அவர். மகனைப் பற்றி எனக்கு இதுவரை தெரியாது.

மகன் ரசாயனப் பொறியியல் படித்து, அமெரிக்காவில் டாக்டர் பட்டம் வாங்கி, எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்த்தார். அங்கே ஒத்துவரவில்லை. கம்ப்யூட்டர் சில்லுகளைப் பற்றிச் சாதாரண ஆளுக்குப் புரிகிற மாதிரி புத்தகம் எழுதி, தானே அச்சடித்து விற்றார். நன்றாக விற்றது. 1979-ல் அந்தப் பதிப்பகத்தை மக்ரா-ஹில் வாங்கிக்கொண்டது. கையில் காசு. அடுத்து என்ன?

அன்றைக்குக் கம்ப்யூட்டர் என்றால் பெட்டி தனி, திரை தனி, பிளாப்பி டிரைவ் தனி, அவற்றை இணைக்க வயர்கள், அதற்கு மேல் மென்பொருள் தனியாக வாங்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு, கைப்பிடி வைத்து, விமான சீட்டுக்கு அடியில் நுழைகிற மாதிரி கொடுத்தால் என்ன என்று அவர் யோசித்தார். லீ பெல்சன்ஸ்டைன் என்ற பொறியாளர் வடிவமைத்தார். 1981 ஏப்ரலில் சான்பிரான்சிஸ்கோ கண்காட்சியில் 'ஆஸ்பார்ன் 1' வந்தது. விலை 1,795 டாலர். கூடவே எழுத வேர்ட்ஸ்டார், கணக்குக்கு சூப்பர்கால்க் எல்லாம் இலவசம். அந்த மென்பொருள்களைத் தனியாக வாங்கினாலே ஏறக்குறைய அவ்வளவு பணம் ஆகும் என்பதால் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள்.

சுமக்கலாம் என்றார்களே, எடை எவ்வளவு தெரியுமா? 11 கிலோ! ஒரு நல்ல ஏத்தங்குலையின் எடை. மூடிவைத்தால் பார்க்கிறதுக்குத் தையல் மெஷின் பெட்டி. திரை 5 அங்குலம், இப்போதைய செல்போன் திரையைவிடச் சிறியது. ஒரு வரியில் 52 எழுத்துதான் தெரியும். நினைவகம் 64 கிலோபைட். பெட்டிக்குள் பாட்டரியும் கிடையாது, போகிற இடத்தில் பிளக் பாயிண்ட் தேட வேண்டும். இருந்தும் உச்சத்தில் மாதம் பத்தாயிரம் விற்றது.

இரண்டே வருடம். 1983 செப்டம்பரில் கம்பெனி திவால். அடுத்து வரப்போகிற புதிய மாடலைப் பற்றி முன்கூட்டியே பெருமையாகப் பேசிவிட்டார், உடனே கடைக்காரர்கள் பழையதை வாங்குவதை நிறுத்திவிட்டார்கள் என்பது வழக்கமாகச் சொல்லும் கதை. இதற்கு 'ஆஸ்பார்ன் விளைவு' என்றே வியாபாரப் பாடங்களில் பெயர். எனக்கு அது முழுக் காரணமாகத் தோன்றவில்லை. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் பிசி வந்துவிட்டது. அதன் மென்பொருளை அப்படியே ஓட்டுகிற தூக்குப்பெட்டியைக் காம்பாக் 1983-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்னொரு கம்பெனி 9 அங்குலத் திரை கொடுத்தது. 5 அங்குலத்தில் கண்ணை இடுக்கிக்கொண்டிருந்தவன் வேறு என்ன செய்வான்? வாய் கொஞ்சம் நீளம் என்பதும் உண்மையாக இருக்கலாம்.

அதன்பிறகு மலிவு விலை மென்பொருள் கம்பெனி ஒன்று நடத்தினார். லோட்டஸ் கம்பெனி வழக்குப் போட்டது, 1990-ல் தீர்ப்பு அவருக்கு எதிராகப் போனது. உடல்நிலை கெட்டு, கடைசியில் இந்தியாவுக்கே திரும்பி, கொடைக்கானலில் சகோதரியின் பராமரிப்பில் இருந்து, 2003 மார்ச் 18-ல் இறந்தார். வயது 64. சிறுவயதில் ஊர் ஊராக மாற்றப்பட்ட பிள்ளைக்குத்தான் கையோடு தூக்கிப்போகிற பெட்டி தோன்றியிருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம். ஊகம்தான்.

அவர் பெட்டியைத் தூக்கி விற்ற காலத்தில் நாங்கள் இங்கே என்ன செய்துகொண்டிருந்தோம்? கம்ப்யூட்டர் ஒழிக என்று கோஷம் போட்டுக்கொண்டிருந்தோம். மறைக்க ஒன்றும் இல்லை, நானும் வங்கி வாசலில் நின்று போட்டவன்தான். வேலை போய்விடும் என்ற பயம். 1984-ல் ரங்கராஜன் குழு அறிக்கை வந்தது. பிறகு கிளைகளில் லெட்ஜர் போஸ்டிங் மெஷின் வந்தது. அதற்குக் கண்ணாடி அறை, ஏசி. மேனேஜர் உட்பட எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். கோவில் கருவறை மாதிரி அது ஓரிடத்தில் இருக்கும், நாம் போய்க் கும்பிட வேண்டும். எனக்கு மேசைக் கம்ப்யூட்டர்மேல் உள்ள பக்தி அங்கே வந்ததாக இருக்கும்.

உலகம் மாறிவிட்டது. 2008-ன் பிற்பாதியில் உலகச் சந்தையில் முதல்முறையாக டெஸ்க்டாப்பைவிட லேப்டாப் அதிகம் போயிற்று. 2011-ல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அடுத்த வருடம் மாநிலம் முழுக்க மின்வெட்டு. பாட்டரி உள்ள பெட்டியின் அருமை அப்போது வீட்டுக்கு வீடு தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளை இருட்டில் திரை வெளிச்சத்தில் படித்ததை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு டெஸ்க்டாப் யுபிஎஸ் பத்து நிமிடம் கூவிவிட்டு அடங்கிவிடும்.

டெஸ்க்டாப்பின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. திரை பெரிது. கண்ணுக்கு நேரே வைக்கலாம், கழுத்து குனிய வேண்டாம். எழுபது தாண்டியவனுக்கு இது சின்ன விஷயமா? ஒரு பாகம் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். லேப்டாப்பில் விசைகள் நெருக்கம், டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிய விரலுக்குப் பிடிக்காது. பேரன் இதற்கும் வழி சொன்னான்: வீட்டில் இருக்கும்போது லேப்டாப்போடு தனி கீபோர்டும் பெரிய திரையும் சேர்த்துக்கொள்ளலாமாம்.

முடிவு செய்தது அதனால் அல்ல. தக்கலையில் என் அக்கா இருக்கிறாள். வயது 86. படி இறங்க முடியாது, ஆனால் 1956-ல் அவளுக்கு விவரம் தெரிந்த வயது. அம்மா சொன்னதில் பாதி அவளுக்கும் தெரியும். அவள் என் மேசைக்கு வர முடியாது.

லேப்டாப் வாங்கினேன். ஒன்றரைக் கிலோ. போன செவ்வாய்க்கிழமை பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் தக்கலை போனேன். அக்கா மூடியைத் திறந்து பார்த்து, "இதுக்குள்ளயா லே அம்மைக்க கதையெல்லாம் கெடந்துது?" என்று கேட்டாள். அது வேறே பெட்டி, போயிட்டு என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "சக்கரம் மாத்துன கதையில இருந்து சொல்லட்டா?" என்றாள்.

இதுவரை பதினொரு பக்கம் ஆகியிருக்கிறது. பென்டிரைவில் ஒரு பிரதி, மகனிடம் ஒரு பிரதி. நாளை மறுபடியும் போகிறேன். ஐப்பசி பிறந்துவிட்டது, மூன்று மணிக்குள் திரும்ப வேண்டும்.