தெப்பத்தில் ஒரு பகல்

சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு படகேறி, ஓட்டுவதற்கு ஆள் வைத்து, ஒரு பகல் முழுவதையும் தண்ணீரில் கழிப்பது என்றால் மதுரைக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கொடைக்கானல் ஏரி. கையில் காசு கூடுதலாக இருந்தால் ஆலப்புழை. இது வெள்ளைக்காரர்கள் கற்றுத்தந்த பொழுதுபோக்கு என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. ஆனால் பசுமலையைத் தாண்டியதும் வரும் திருப்பரங்குன்றத்திலும், நகரின் கிழக்கே வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்திலும் ஒவ்வொரு தை மாதமும் தெப்பம் விடுகிறார்கள். அதைத் திருவிழாக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறோம். படகில் களித்த மக்களின் வரலாற்றில் அதற்கு இடம் தருவதில்லை. இந்த வறண்ட சமவெளியில் நீர்மேல் உல்லாசத்தின் வரலாற்றைத் தெப்பத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் வாதம்.

கொடைக்கானல் ஏரியின் கதையிலேயே பசுமலைக்கும் பங்குண்டு. அமெரிக்கன் மதுரை மிஷன் தன் இறையியல் பள்ளியைத் திருமங்கலத்திலிருந்து பசுமலைக்கு மாற்றியது 1845-இல். கீழ்நாட்டுக் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தப்ப அதே மிஷன் கொடைக்கானல் மலையில் முதல் வீடுகளைக் கட்டியதும் அதே ஆண்டில்தான். மதுரைக் கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் அங்கே ஓடைநீரைக் கரைகட்டித் தேக்கி, சுமார் 60 ஏக்கர் ஏரியை உண்டாக்கினார். முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார். மோட்டார் சாலை வர இன்னும் அரை நூற்றாண்டு இருந்த காலம் அது. கடலோரப் படகு ஒன்று ஏழாயிரம் அடி உயரத்துக்குப் போயிருக்கிறதென்றால், மலைப்பாதையில் அதைத் தூக்கியும் இழுத்தும் ஏற்றிய ஆட்கள் இருந்திருக்க வேண்டும். அவர்கள் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. 1890-இல் படகுக் கழகம் ஏற்பட்டது. தாங்களும் தங்களைப் போன்றவர்களும் வெயிலுக்கு ஒதுங்கிப் பொழுதைக் கழிக்க ஆட்சியாளர்கள் அமைத்துக்கொண்ட நீர் அது.

அந்த ஏரிக்கு 218 ஆண்டுகளுக்கு முன்பே மதுரையின் ஆட்சியாளர் இன்னொருவர் நீரைத் தேக்கியிருந்தார். வண்டியூர் தெப்பக்குளத்தை 1645-இல் அமைத்தவர் திருமலை நாயக்கர். நீளம் ஏறக்குறைய ஆயிரம் அடி, அகலம் 950 அடி. நான்கு புறமும் கருங்கல் சுவர், பக்கத்துக்கு மூன்றாகப் பன்னிரண்டு படித்துறைகள், நடுவே சோலை சூழ்ந்த மைய மண்டபம். வைகையிலிருந்து வாய்க்கால் வழியே நீர் வரும். நாயக்கர் மகால் கட்டச் செங்கலுக்கு மண் எடுத்த பள்ளமே இந்தக் குளமானது என்றும், தோண்டும்போது கிடைத்தவரே மீனாட்சி கோயிலின் முக்குறுணி விநாயகர் என்றும் மதுரையில் சொல்வார்கள். இதை வைத்து, குளம் அரண்மனை வேலையின் மிச்சம்தானே, இதில் உல்லாசத்துக்கு என்ன இடம் என்று கேட்கலாம். மண் எடுத்த பள்ளத்துக்குப் படித்துறை எதற்கு? நட்டநடுவில் தங்கி இளைப்பாற மண்டபம் எதற்கு? பள்ளம் தற்செயலாக அமைந்திருக்கலாம். மண்டபம் அப்படி அமையாது. அங்கே போய்ச் சேரவும், சேர்ந்தபின் பொழுதைக் கழிக்கவும் எண்ணியே அதைக் கட்டியிருக்கிறார்கள்.

தெப்ப நாளின் நடைமுறையைக் கூர்ந்து பார்த்தால் இந்த எண்ணம் உறுதிப்படும். முந்தைய நாள் சிந்தாமணி என்ற ஊரில் கதிர் அறுப்பு விழா. தைப்பூசத்தையொட்டிய பௌர்ணமியன்று விடிகாலையில் மீனாட்சியும் சுந்தரேசுவரரும் கோயிலைவிட்டுப் புறப்படுகிறார்கள். அவர்கள் திரும்பும்வரை கோயில் நடை சாத்தியே இருக்கும். காலையில் தெப்பம் இரண்டு சுற்று வருகிறது. பிறகு சுவாமியும் அம்மனும் மைய மண்டபத்தில் இறங்கித் தங்குகிறார்கள். வெயில் தாழ்ந்து விளக்கேற்றியபின் மூன்றாவது சுற்று. வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு வெளியூர் போய், உச்சிவெயிலில் நிழலில் இருந்துவிட்டு, இரவு வீடு திரும்பும் நாளின் ஒழுங்கு அப்படியே இதில் இருக்கிறது. தெப்பத்துக்குப் பாய் கிடையாது, துடுப்பும் கிடையாது. பீப்பாய்களின் மேல் மரச்சட்டம் பரப்பி, தேர்போல் அலங்கரித்த மிதவை அது. கரையில் நிற்கும் கிராமத்தார் வடம் பிடித்து இழுக்க, மூலைக்கு மூலை மெல்லத் திரும்பி நகர்கிறது. வெள்ளோட்டமாக அதைத் தண்ணீரில் தள்ளிப் பார்ப்பதற்குத் தெப்பம் முட்டுத் தள்ளுதல் என்று பெயர். திருப்பரங்குன்றத்திலும் அது உண்டு. காற்றை நம்பாத இந்தப் படகின் மாலுமிகள் கரையில் நிற்பவர்கள்தாம்.

இதெல்லாம் வழிபாடு, வழிபாட்டை உல்லாசமென்று சொல்லலாமா என்பதுதான் கனமான மறுப்பு. இரண்டையும் இப்படிப் பிரித்துப் பார்ப்பது மதுரையின் பழக்கமல்ல. சங்க நூலான பரிபாடலில் முழுதாகக் கிடைத்துள்ள 22 பாடல்களில் எட்டு, வையை என்ற வைகையைப் பற்றியவை. புதுவெள்ளம் வந்ததும் ஊரே யானையும் குதிரையும் வண்டியுமாகக் கிளம்பி ஆற்றில் நீராடியதை அவை சொல்கின்றன. அதே நூலில் அதே வேகத்தோடு செவ்வேளுக்கும் திருமாலுக்கும் பாட்டு இருக்கிறது. வையைத் துறையில் குதிரை, யானை, சிங்க முகங்கள் வைத்த படகுகள் நின்றதைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. ஆற்றைக் கடக்க மட்டும்தான் என்றால் படகுக்கு முகம் வேண்டியதில்லை. நாயக்கர் இல்லாத ஒன்றை நாட்டவில்லை. ஆண்டில் பல மாதம் மணலாகக் கிடக்கும் ஆற்றின் விளையாட்டைக் கல்லால் கட்டிய குளத்துக்குக் கொண்டுவந்தார்.

இன்னொரு மறுப்பை நான் பாதியாவது ஏற்றாக வேண்டும். தெப்பம் எல்லோருக்கும் பொது என்று பெருமை பேசும்போது, இந்த மீனாட்சி கோயிலுக்குள்ளேயே ஒடுக்கப்பட்ட சாதியார் 1939 ஜூலை 8 வரை நுழைய முடியவில்லை என்பதை மறைக்கக் கூடாது. அன்று காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் அவர்களை அழைத்துச் சென்ற பிறகே அந்தக் கதவு திறந்தது. கோயிலைவிட்டு வெளியே வரும் சாமியைத் தெருவில் நின்றாவது பார்க்க முடிந்ததை ஆறுதலாகச் சொல்லலாமே தவிர, நீதி என்று சொல்ல முடியாது. ஆனால் கொடைக்கானலோடு ஒப்பிடும்போது ஒரு வித்தியாசம் நிற்கிறது. அங்கே படகில் ஏறியவர்களுக்கே மகிழ்ச்சி. இங்கே படகில் இருப்பது தெய்வமும் பட்டர்களும். நாளைக் கொண்டாடுவது கட்டுச்சோற்றோடு கரையில் அமர்ந்த கூட்டம். மன்னர் கட்டிய குளத்தில் மன்னருக்கென்று ஒரு படகு நிலைக்கவில்லை. சாமியின் தெப்பம்தான் நிலைத்தது.

குளம் வற்றிய ஆண்டுகள் இந்த வாதத்தைச் சோதித்துப் பார்த்தன. ஆற்றுப்படுகை தாழ்ந்து, வாய்க்கால் தூர்ந்து, பல காலம் குளத்துக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். தெப்பம் மிதக்க வழியில்லாத அந்த ஆண்டுகளில் அதை நிலைத்தெப்பமாக நிறுத்தி, சுவாமி கரையைச் சுற்றி வந்தார். சடங்கு எந்தக் குறையுமின்றி நிறைவேறியது. சடங்கு மட்டுமே முக்கியம் என்றால் ஊர் அத்தோடு அமைதியாகியிருக்க வேண்டும். மதுரை அமைதியாகவில்லை. தண்ணீர் எங்கே என்று ஒவ்வொரு தையிலும் கேட்டுக்கொண்டே இருந்தது. அண்மை ஆண்டுகளில் பனையூர் வாய்க்கால் சீரமைக்கப்பட்டு, வைகைத் தண்ணீர் மறுபடி குளத்தில் ஏறியது. தெப்பம் மிதந்தது. திருவிழா இல்லாத நாட்களிலும் அங்கே படகுச் சவாரி வந்தது. சீட்டு வாங்கிக்கொண்டு, மைய மண்டபத்தைச் சுற்றிவரச் சிநேகிதர்களோடு ஏறுகிறார்கள்.