யாரைக் கேட்டார்கள்? அமெரிக்கக் கருத்துக்கணிப்பின் வரலாறு

1824 கோடையில் டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டன் நகரில் ஒரு மாதிரி வாக்கெடுப்பு நடந்தது. அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட நால்வரில் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு 335 பேரும் ஜான் குவின்சி ஆடம்ஸுக்கு 169 பேரும் ஆதரவு தெரிவித்தனர். ஹென்றி கிளேக்கு 19 பேர், வில்லியம் கிராஃபோர்டுக்கு 9 பேர். இந்தக் கணக்கை ஹாரிஸ்பர்க் நகரச் செய்தித்தாள் ஒன்று வெளியிட்டது. அமெரிக்காவில் அச்சேறிய தேர்தல் கணிப்புகளில் மிகப் பழையவற்றுள் இதுவும் ஒன்று.

அதுவரை பல மாநிலங்களில் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களைச் சட்டமன்றங்களே நியமித்துவந்தன. 1824-இல் 24 மாநிலங்களில் 18 அந்த உரிமையை வாக்காளர்களிடம் விட்டிருந்தன. சாதாரண மனிதரின் விருப்பத்துக்கு விலை வந்ததும், அதை முன்கூட்டியே அறியும் ஆவல் பத்திரிகைகளுக்குப் பிறந்தது. டெலவேரிலோ தேர்வாளர்களை இன்னும் சட்டமன்றமே நியமித்தது. வில்மிங்டன் மக்கள் சொன்னது வெறும் கருத்தாகவே நின்றது. நாடு முழுவதும் மக்கள் வாக்கில் ஜாக்சன் முந்தினாலும் எவருக்கும் தேர்வாளர் பெரும்பான்மை கிடைக்கவில்லை. முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போய், 1825 பிப்ரவரியில் ஆடம்ஸ் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அடுத்த நூறு ஆண்டுகள் இத்தகைய வாக்கெடுப்புகள் ரயில் பெட்டிகளிலும் விடுதிகளிலும் பொதுக்கூட்டங்களிலும் நடந்தன. பெரும்பாலான பத்திரிகைகள் ஏதாவதொரு கட்சியைச் சார்ந்தவை. தம் கட்சிக்கு வாய்ப்பான எண்களையே விரும்பி அச்சிட்டன.

இதைப் பெருந்தொழிலாக வளர்த்தது 'லிட்டரரி டைஜஸ்ட்' வார இதழ். 1916 முதல் 1932 வரை ஐந்து அதிபர் தேர்தல்களிலும் வெற்றி பெறுபவரை அது சரியாகச் சொன்னது. 1936-இல் ஏறத்தாழ ஒரு கோடி மாதிரி வாக்குச்சீட்டுகளை அஞ்சலில் அனுப்பியது; 23 லட்சத்துக்கும் மேற்பட்டவை நிரப்பப்பட்டுத் திரும்பின. அவற்றை எண்ணி, குடியரசுக் கட்சியின் ஆல்ஃபிரட் லாண்டனுக்கு 57 சதவீதம் என்று இதழ் அறிவித்தது. தேர்தலில் அப்போதைய அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஏறத்தாழ 61 சதவீத வாக்குடன் 46 மாநிலங்களை வென்றார். லாண்டனுக்குக் கிடைத்தவை மெய்ன், வெர்மான்ட் என்னும் இரண்டே மாநிலங்கள்.

இதழ் தன் முகவரிகளைப் பெரும்பாலும் தொலைபேசிக் கையேடுகளிலிருந்தும் கார் பதிவேடுகளிலிருந்தும் எடுத்திருந்தது. 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்கள் வசதி படைத்தவர்கள். ரூஸ்வெல்ட்டின் நிவாரணத் திட்டங்களால் பிழைத்தவர்களின் பெயர்கள் அந்தப் பட்டியல்களில் அரிது. சீட்டு கிடைத்தவர்களிலும் ஆட்சிமேல் கோபம் கொண்டவர்களே முனைந்து திருப்பி அனுப்பினர். எத்தனை லட்சம் பேர் சேர்ந்தாலும், ஒரு பக்கத்து மக்களே சேர்ந்தால் அந்த எண்ணிக்கையால் பயனில்லை. 1938-இல் இதழ் நின்றுபோனது.

அதே தேர்தலில் புகழ்பெற்றவர் ஜார்ஜ் கேலப். அயோவா மாநிலத்தில் 1901-இல் பிறந்த அவர், விளம்பரத் துறையில் வாசகர் ஆய்வு செய்து தேர்ந்தவர். 1935-இல் நியூ ஜெர்சியின் பிரின்ஸ்டனில் கருத்தாய்வு நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, தன் முடிவுகளை நாளிதழ்களுக்கு விற்றார். தன் கணிப்பு டைஜஸ்ட்டைவிடப் பிழையானால் பணத்தைத் திருப்பித் தருவதாகவும் உறுதி கூறினார். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதே அவருடைய தொழிலின் அடிப்படை. பார்க்கும் பருக்கை பானை முழுவதற்கும் பொதுவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். எல்மோ ரோப்பரும் ஆர்ச்சிபால்ட் கிராஸ்லியும் அதே காலத்தில் இதே வழியில் இறங்கினர். மூவருமே ரூஸ்வெல்ட்டின் வெற்றியைச் சரியாகச் சொன்னார்கள்.

அவர்கள் கையாண்டது ஒதுக்கீட்டு முறை. ஒவ்வொரு களப்பணியாளருக்கும் எத்தகையவரை எத்தனை பேர் சந்திக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். 1948-இல் செயின்ட் லூயிஸ் நகரில் கேலப் பணியாளர் ஒருவருக்கு விதிக்கப்பட்டது 13 பேர்: புறநகரில் ஆறு, நகருக்குள் ஏழு, ஆண்கள் ஏழு, பெண்கள் ஆறு. ஆண்களில் மூவர் நாற்பது வயதுக்குக் கீழ், நால்வர் அதற்கு மேல், ஒருவர் கறுப்பினத்தவர். வெள்ளை ஆண்கள் தரும் மாத வாடகைக்குக்கூட வரம்பு உண்டு. இவ்வளவு கட்டுப்பாடு இருந்தும், அந்த வரம்புக்குள் யாரைக் கேட்பது என்பதைப் பணியாளரே முடிவு செய்தார். எளிதில் அணுகக்கூடியவர்கள், சற்று நல்ல வீட்டில் இருப்பவர்கள், பேசத் தயங்காதவர்கள் ஆகியோரிடமே அவர் போனார். 1936 முதல் 1948 வரை நான்கு தேர்தல்களிலும் குடியரசுக் கட்சியின் பங்கைக் கேலப் நிறுவனம் கூடுதலாகவே கணித்ததற்கு இது ஒரு காரணம்.

முதல் மூன்று முறை ரூஸ்வெல்ட்டின் முன்னிலை பெரிது. பிழை வெளியே தெரியவில்லை. 1948-இல் தெரிந்தது. குடியரசுக் கட்சியின் தாமஸ் டூயி அதிபர் ஹாரி ட்ரூமனை வீழ்த்துவார் என்று மூன்று நிறுவனங்களும் சொல்லின. ரோப்பர் செப்டம்பரிலேயே போட்டி முடிந்துவிட்டதாக அறிவித்தார். கடைசி நாட்களில் மனம் மாறிய வாக்காளர்கள் எவர் கணக்கிலும் வரவில்லை. டூயி வென்றதாகத் தலைப்பிட்ட 'சிகாகோ டெய்லி ட்ரிபியூன்' இதழை, வென்ற ட்ரூமன் சிரித்தபடி உயர்த்திக் காட்டும் புகைப்படம் உலகறிந்தது. சமூக அறிவியல் ஆய்வுக் கழகம் குழு அமைத்து இந்தப் பிழையை ஆராய்ந்தது. அதன்பின் யாரைக் கேட்பது என்னும் தீர்மானம் மெல்ல மெல்லப் பணியாளரின் விருப்பத்திலிருந்து, குலுக்கலில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் சமவாய்ப்பு முறைக்கு மாறியது.

இதைவிட ஆழமான குறை ஒன்று அப்போது பெரிதாகப் பேசப்படவில்லை. தொடக்ககாலக் கணிப்புகள் வாக்களிப்போரின் மனத்தையே அளக்க முயன்றன. தென் மாநிலங்களில் தலைவரியாலும் எழுத்தறிவுத் தேர்வுகளாலும் வாக்குரிமை பறிக்கப்பட்ட கறுப்பின மக்களை அவை ஏறக்குறைய கேட்கவே இல்லை. பெண்களின் பங்கும் மக்கள்தொகையில் இருந்ததைவிடக் குறைவு. அமெரிக்க மக்களின் கருத்து என்று நாளிதழ்கள் வெளியிட்டதில் அம்மக்களில் கோடிக்கணக்கானோர் இல்லை. வாக்குச்சாவடியில் இழைக்கப்பட்ட அநீதி கணிப்பிலும் அப்படியே தொடர்ந்தது.

தேர்தலைத் தாண்டிய கேள்விகளிலேயே இத்தொழிலின் நிலையான பயன் இருக்கிறது. ஒரே கேள்வியைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டதால் சமூகம் மாறிய விதம் பதிவாயிற்று. கறுப்பர்-வெள்ளையர் திருமணத்தை ஏற்பதாக 1958-இல் கேலப்பிடம் சொன்னவர்கள் 4 சதவீதம். 2021-இல் 94 சதவீதம். ஒருபாலினத் திருமணத்துக்கு ஆதரவு 1996-இல் 27 சதவீதமாக இருந்து 2021-இல் 70 சதவீதமாக உயர்ந்தது. எதிர்த்திசையில் சென்றது அரசின்மீதான நம்பிக்கை. 1958-இல் நான்கில் மூன்று பேர் வாஷிங்டன் அரசை நம்பினர். வியட்நாம் போர், வாட்டர்கேட் ஊழல் ஆகியவற்றுக்குப் பின் அது சரிந்தது, அண்மை ஆண்டுகளில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு வந்துவிட்டது.

1970-களில் பெரும்பாலான வீடுகளுக்குத் தொலைபேசி வந்தபின், எண்களைக் கணினியால் குலுக்கி அழைக்கும் முறை பரவியது. வாக்களித்து வெளியே வருபவரைக் கேட்கும் கணிப்பைச் சிபிஎஸ் தொலைக்காட்சிக்காக 1967-இல் கென்டக்கியில் வாரன் மிடாஃப்ஸ்கி தொடங்கினார். 1980 அதிபர் தேர்தலில் கிழக்கு நேரப்படி இரவு 8.15 மணிக்கே ரொனால்ட் ரீகனின் வெற்றியை என்பிசி தொலைக்காட்சி அறிவித்தபோது, மேற்குக் கரையில் வாக்குப்பதிவு முடிந்திருக்கவில்லை. எதிர்ப்பு எழுந்ததால், ஒரு மாநிலத்தில் வாக்குப்பதிவு முடியும்முன் அதன் முடிவைச் சொல்வதில்லை என்று தொலைக்காட்சிகள் பிறகு ஒப்புக்கொண்டன.

செல்போன் காலத்தில் மக்கள் பதில் சொல்வதே குறைந்தது. பியூ ஆய்வு மையத்தின் தொலைபேசிக் கணிப்புகளில் 1997-இல் 36 சதவீதமாக இருந்த பதில் விகிதம் 2018-இல் 6 சதவீதமானது. 2016 அதிபர் தேர்தலில் தேசிய அளவிலான கணிப்புகள் மக்கள் வாக்கில் ஹிலாரி கிளின்டனின் முன்னிலையை ஓரளவு சரியாகவே சொல்லின. ஆனால் விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா மாநிலக் கணிப்புகள் பொய்த்துப்போயின. பட்டதாரிகளே அதிகம் பதிலளிக்கிறார்கள் என்பதை அவற்றில் பல ஈடுசெய்யத் தவறின. அதனால், கிளின்டனை எதிர்த்த டொனால்ட் ட்ரம்புக்குப் பட்டம் பெறாத வெள்ளை வாக்காளர்களிடம் இருந்த ஆதரவு குறைவாகவே பதிவாயிற்று. 2020-இல் அந்தத் திருத்தம் செய்தும், தேசிய அளவில் பிழை நாற்பது ஆண்டுகளில் காணாத அளவுக்குப் போனது. கணிப்பவர்களையே நம்பாதவர்கள் பேச மறுத்தது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

1936-இல் ஏழைகளும், அடுத்து எளிதில் அணுக முடியாதவர்களும், நெடுங்காலம் தெற்கின் கறுப்பின மக்களும், 2016-இல் பட்டம் பெறாதவர்களும் விடுபட்டனர். இப்போது பல நிறுவனங்கள் தொலைபேசியை விட்டு, அஞ்சல் முகவரிகளிலிருந்து சமவாய்ப்பில் ஆட்களைத் தேர்ந்து, அவர்களை இணையவழிக் குழுக்களில் சேர்த்துக் கேட்கின்றன. இணைய வசதி இல்லாதவர்களையும் உள்ளே கொண்டுவரும் வழிகளைத் தேடுகின்றன. யாரை எப்படித் தேர்ந்தோம், எத்தனை பேர் பதில் தரவில்லை என்பதை முடிவுடன் சேர்த்து வெளியிடுவதும் தொழில் நெறியாகியிருக்கிறது. ஒரு கணிப்பின் தரத்தை அதன் வெற்றி-தோல்வி எண்ணைவிட இந்த விவரங்களே நேர்மையாகக் காட்டுகின்றன.