செம்பின் பெயரும் இரும்பின் நிறமும்

புத்தளத்துக்கு வடக்கே, வில்பத்துக் காட்டின் கடலோரத்தில், குதிரைமலை முனையின் மண் செம்பின் நிறங் கொண்டது. விசயனும் அவன் தோழரும் கரையேறிக் களைப்பினாற் கைகளைத் தரையில் ஊன்றியபோது செம்மண் படிந்து உள்ளங்கைகள் சிவந்தன என்றும், அதனால் அவ்விடம் 'தம்பபண்ணி' எனப்பட்டது என்றும் மகாவமிசம் கூறும். அவ்விடம் குதிரைமலையே என்பாரும் உளர். வேறிடம் என்பாரும் உளர். வழக்குத் தீர்ந்தபாடில்லை. பெயர் மட்டும் மிகப் பழையது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகனின் கல்வெட்டுக்களில் அது காணப்படுகிறது. நெல்லை நாட்டுப் பொருநை ஆற்றுக்கும் தாமிரபரணி என்னும் பெயர் வழங்குதல் நேயர் அறிந்ததே.

பெயர் செம்பினுடையதாயினும் நிறம் இரும்பினுடையது. இரும்பும் ஒட்சிசனும் சேர்ந்த ஒட்சைட்டே இத்தகைய மண்ணைச் சிவப்பிக்கிறது. அவ்வொட்சைட்டு எங்கும் ஒரே நிலையில் இருப்பதன்று. தெற்கே புத்தளம் கடனீரேரியின் கண்டற் காடுகளிற் காற்றுப் புகாத சேற்றில் வாழும் பற்றீரியங்கள், சுவாசத்துக்கு ஒட்சிசன் இன்மையால், தம் இலத்திரன்களை இவ்வொட்சைட்டின்மீது ஏற்றிவிடும். இரும்பு தாழ்த்தப்பட்டுச் செந்நிறம் மறையும். நண்டு வளை வழியாகவோ வேர் வழியாகவோ காற்று வந்தால் அதே இரும்பு மீண்டும் ஒட்சியேறிச் சிவக்கும். கொடுத்ததைத் திரும்பப் பெறும் கடனாளி போலும்!

இவ்வியல்பை ஆய்வுகூடத்தில் விளக்கியோர் மார்சு, வான் கிரெவெலன் என்னும் இருவர். வனேடியம் ஒட்சைட்டு ஊக்கி தன் ஒட்சிசனை வினைபொருளுக்கு ஈந்து, அவ்விழப்பைக் காற்றிலிருந்து ஈடுசெய்து கொள்ளும் என 1954இல் அவர்கள் எழுதினர். ஒட்சைட்டுக்கள் சிறு கொத்துக்களாகவும் அமைவதுண்டு. 1826இலேயே சுவீடன் நாட்டுப் பெர்சீலியசு மொலிப்டினத்திலிருந்து அத்தகைய மஞ்சட் சேர்வை ஒன்றைப் பெற்றிருந்தார். ஆனால் அதன் உள்ளமைப்பு அவருக்குத் தெரியாது. அதற்கு நூறாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1933இல் கெகின் என்பார் தங்குதன் கொத்து ஒன்றை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்து, நடுவே ஒரு பொசுபரசு, சுற்றிலும் 12 தங்குதன், 40 ஒட்சிசன் என எண்ணிக் காட்டினார். இக்கொத்துக்கள் குலையாமலே இலத்திரன்களை ஏற்கவும் விடவும் வல்லன; ஆதலின் ஒட்சியேற்றத் தாழ்த்தல் வினைகளுக்குச் சிறந்த ஊக்கிகள்.

குறை ஒன்றுண்டு. அவற்றுட் பல நீரிற் கரைந்துவிடுவதால், வினை முடிந்தபின் மீட்டெடுத்தல் அரிது. விலையுயர்ந்த ஊக்கி ஒருமுறையோடு கழிவுநீரிற் போய்விடுமாயின் ஆலைக்கும் நட்டம், ஆற்றுக்கும் கேடு. ஆகவே வேதியியலார் கொத்துக்களைக் கரையாத நுண்டுணிக்கைகளின்மேற் பிணைக்கின்றனர். அத்தகைய துணிக்கைகளுள் ஒன்று மகினதைற்று. காந்தத்தால் ஈர்க்கப்படும் கரிய இரும்பு ஒட்சைட்டு, குதிரைமலைச் சிவப்பின் உறவினம். கலத்தின் புறத்தே காந்தம் ஒன்றை வைத்தால் ஊக்கி அப்பக்கம் ஒதுங்கும். கரைசலை வடித்துவிட்டு அதனையே அடுத்த வினைக்கு இடலாம்.